பிடியரிசி

இறப்பர் மரம் விடியற்காலையிலே நன்றாகப் பால் சுரக்கும். வெயில் ஏற ஏறப் பால் சுருங்கிவிடும். ஆகவே அதன் பட்டையைக் கீறுகின்றவளும் விடியுமுன்னரே லயத்தைவிட்டுப் புறப்பட்டாக வேண்டும். கேகாலை மாவட்டத்திலே, எட்டியாந்தோட்டைக்கும் தெரணியகலைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளில், நான்கு தலைமுறைகளாக நடந்துவரும் ஒழுங்கு இது. மரத்தின் வேளையைக் கங்காணி அறிவார்; கணக்கப்பிள்ளை அறிவார்; துரையும் அறிவார். தாய் புறப்பட்ட பின்னர் லயத்துக் காம்பராவிலே கண்விழிக்கும் குழந்தையின் வேளையை அறிந்தவர் யார்?

நானும் அத்தகைய ஒரு காம்பராவிலே கண்விழித்தவள்தான். என் தாய் பால்வெட்டப் போவாள். பாட்டி எனக்குச் சாயத்தண்ணியும் ரொட்டியும் தருவாள். பின்னர் தோட்டத்துப் பள்ளிக்கூடம், நகரத்துப் பாடசாலை, பேராதனைப் பல்கலைக்கழகம் என்று படிப்பு என்னைக் கைப்பிடித்து வெளியே அழைத்துச் சென்றது. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றேன். ஆசிரியையானேன். மணமாகிக் கடைவீதியருகே ஒரு வாடகை வீட்டிற்குக் குடிவந்தேன். என் தோட்டத்திற்கும் எனக்கும் இடையே இருந்தது ஒன்றரை மைல் தூரமே. ஆயினும் பண்டிகை நாட்களில் பெற்றோரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு மேலாக நான் அந்தத் தூரத்தைக் கடந்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகின்றேன்.

என்னை அந்த வழியில் மறுபடியும் நடக்கவைத்தது 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. எரிபொருள் இல்லை; பேருந்துகள் ஓடவில்லை; பாடசாலைகளும் வாரத்தில் மூன்று நாட்களே நடந்தன. தோட்டத்துக் குறுக்குப்பாதையால் நடந்தே பாடசாலைக்குச் சென்றேன். ஜூலை மாத இறுதியில் ஒரு காலை, ஒரு லயத்து இஸ்தோப்பிலே ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு வயதுத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, சீனி இல்லாத சாயத்தண்ணியிலே ரொட்டித் துண்டை ஊறவைத்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். "தம்பி சாப்பிடுறான்" என்றாள். கேட்ட கேள்விக்கு அது விடையன்று என்பதை உணர எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அந்த நாட்களின் கணக்கை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2021ஆம் ஆண்டிலேதான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நெடிய போராட்டத்தின் பின் 1000 ரூபா ஆயிற்று. மறு ஆண்டிலேயே அரிசி கிலோ 200 ரூபாவையும், லயங்களின் உயிர்நாடியான கோதுமை மா 300 ரூபாவையும் கடந்துவிட்டன. அந்த 1000 ரூபாவும் வேலை கிடைத்த நாளுக்கு மட்டுமே. சப்ரகமுவவின் மழையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை; பால்வெட்டு இல்லையேல் பேர் இல்லை. மழை பெய்யும் நாளிலே எங்கள் தோட்டத்து அடுப்புகள் புகைவதில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளைக் காம்பரா இருந்தது. பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டது என்று காரணம் காட்டி அதை மூடிவிட்டனர். தகரம் துருப்பிடித்து, உள்ளே பழைய உரச் சாக்குகள் கிடந்தன. நானும், என்னுடன் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும், அதே லயத்திலே சாதாரண தரம் சித்தியடைந்து வேலையின்றி இருந்த ஓர் இளம்பெண்ணும் சேர்ந்தோம். தோட்ட அலுவலகத்திலே அனுமதி கேட்டோம், வாய்மொழியாகத் தந்தனர். காம்பராவைக் கழுவிச் சாணமிட்டு மெழுகினோம். முன்னர் அங்கே பிள்ளை பார்த்த மூதாட்டி ஒருத்தி தானாகவே வந்து அடுப்பை மூட்டினாள். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகள் 23 பேர். காலை ஏழு மணிக்குச் சிவப்பரிசியும் பயறும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, வல்லாரையோ முருங்கையிலையோ அரைத்துவிட்ட கஞ்சி. பிறகு பாட்டு, கதை, அரிச்சுவடி. தாய்மார் திரும்பும் வரை இளம்பெண் பார்த்துக்கொள்வாள். அவளது ஊதியத்தையும் சேர்த்து மாதம் 25,000 ரூபா வேண்டியிருந்தது. ஆசிரியர் இருவரும் ஆளுக்கு 5,000 தந்தோம். என்னோடு பேராதனையிலே படித்து இப்போது கனடாவிலே வாழும் தோழி 15,000 அனுப்பினாள்.

மூன்று மாதங்களில் பிள்ளைகளின் முகம் தெளிந்தது. நானும் பெருமிதங்கொண்டேன். அந்தப் பெருமிதந்தான் பின்னால் நேர்ந்த தவற்றுக்கு வித்து.

தோழி வாயிலாக, வெளிநாட்டிலுள்ள ஓர் அறச்சங்கம் எங்களைப் பற்றி அறிந்தது. மாதம் 60,000 ரூபா தருவதாக எழுதினர். மேசை, நாற்காலி, விளையாட்டுப் பொருட்கள், பிள்ளைகளுக்குச் சப்பாத்து எல்லாம் வரும். அதற்கு ஈடாக அவர்கள் கேட்டவை இரண்டே: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாழ்க்கைக் குறிப்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிழற்படம். இதில் என்ன குற்றம்? பணம் தருபவர் அது யாரைச் சென்று சேர்கின்றது என்று அறிய விரும்புவது இயல்புதானே! நாங்கள் இசைந்தோம். முதல் மாதப் பணமும் வந்தது.

நவம்பர் மாதத்திலே படம் எடுப்பவர் வந்தார். முதல்நாளே லயமெங்கும் செய்தி பரவியிருந்தது. தாய்மார் பிள்ளைகளைப் பீலியிலே குளிப்பாட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டியிலிருந்த நல்ல சட்டையை எடுத்து அணிவித்து அனுப்பினர். நான் முன்னர் சொன்ன அந்தச் சிறுமி மஞ்சள் நிறத்திலே ஒரு கவுன் அணிந்திருந்தாள். மடிப்புக் கலையாத கவுன். வந்தவர் பிள்ளைகளைப் பார்த்தார், சற்றுத் தயங்கினார். பிறகு ஆங்கிலத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: இப்படிப் படம் எடுத்து அனுப்பினால் உதவி தேவைப்படும் பிள்ளைகள் என்று எவரும் நம்பமாட்டார்கள், நாளைக்கு வீட்டிலே அணியும் உடையோடு வரச் சொல்லுங்கள்.

அவர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னவள் நான்.

மறுநாள் 22 பிள்ளைகள் பழைய உடையோடு வந்தனர். படங்கள் எடுக்கப்பட்டன. மஞ்சள் கவுன் அணிந்த சிறுமி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை அவளது லயத்திற்குச் சென்றேன். அவள் தாய் அப்போதுதான் பால் நிறுத்துவிட்டு வந்திருந்தாள். அவள் கைகளிலே உலர்ந்த பாலின் புளித்த வாடை வீசிற்று. என்னை உட்காரச் சொன்னாள், சாயத்தண்ணி தந்தாள். பிறகு சொன்னாள்:

"எங்க வீட்டுப் பசி நாலு பேருக்குத் தெரியுறதுல எனக்கு வெக்கமில்ல டீச்சர். இந்த லயத்துல பசி தெரியாத வீடு எது? ஆனா அந்த மஞ்ச கவுனுக்கு நான் ரெண்டு மாசம் ஒட்டுப்பால் பொறுக்கினேன். புள்ள அத உடுத்திக்கிட்டு ஓடி வந்திச்சு. நீங்க அதக் கழட்டிட்டு கிழிஞ்சத போட்டுட்டு வரச் சொன்னீங்க. 'நல்ல சட்ட போட்டா கஞ்சி இல்லியாம்மா'ன்னு புள்ள கேக்குது. நான் என்னா சொல்ல?"

நானும் விடை சொல்லவில்லை. சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்றிரவு எனக்கு ஆபுத்திரனின் நினைவு வந்தது. மணிமேகலையை வகுப்பிலே பலமுறை கற்பித்தவள் நான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையிலேந்திப் பசித்தவர்க்குச் சோறிட்டவன் ஆபுத்திரன். மழை வளம் சுரந்து நாடு செழித்தபோது அவனிடம் உண்பதற்கு ஆளில்லாது போயிற்று. பசித்தவரைத் தேடி அலைந்தான், கண்டவர் நகைத்தனர். முடிவில் மணிபல்லவத்திலே பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு, தானும் உண்ணாதிருந்து உயிர்நீத்தான். இதனை ஈகையின் உச்சம் என்றே நான் கற்பித்து வந்திருக்கின்றேன். அன்றிரவோ வேறொன்று தோன்றிற்று. நாடு செழித்தது நற்செய்தியல்லவா? அந்நற்செய்தியிலே கொடையாளி ஒருவன் ஏன் வாடவேண்டும்? கொடுப்பதற்காகவே பசி இருக்கவேண்டும் என்று கொடுப்பவனின் மனம் தன்னையறியாமல் விரும்பத் தொடங்கிவிடுகின்றதோ? கிழிந்த சட்டையை அணிந்துவரச் சொன்னபோது நானும் அதைத்தானே விரும்பினேன்!

ஈகையைப் போற்றிய வள்ளுவரே இரவச்சம் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னதை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கின்றோம். பின்னதைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலர்.

எங்கள் பிள்ளைகள் பிறவியிலேயே இரவலர் அல்லர். அவர்கள் கையேந்தும் நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. உழைப்பை வாங்குகின்றவனிடமே அறிவூட்டும் பொறுப்பையும் கொடுத்தால் என்ன விளையும்? ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்பதற்குமேல் எதுவும் விளையவில்லை. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் கதவுகளைத் திறந்தபோதும் தோட்டத்துப் பள்ளிகள் அந்த வெளிச்சத்திற்கு வெளியே நின்றன. 1948இலே குடியுரிமை பறிபோயிற்று. வாக்கில்லாதவனின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? 1970களிலேதான் அரசாங்கம் அப்பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நாடற்றோர் என்னும் பெயர் முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிலே வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர், தோட்டங்களில் 32 பேர் என்று சொல்கின்றது. இது மழையினாலும் விதியினாலும் வந்த வேறுபாடன்று.

கேகாலை மாவட்டத்திற்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1934-35இல் மலேரியா இம்மாவட்டத்தைச் சூறையாடியபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் குயினைனும் பருப்பும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகச் சென்றனர். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கப் போனவர்கள், உயிரைக் குடிப்பது காய்ச்சல் மட்டுமன்று, அதற்கு முன்னரே உடலை அரித்திருந்த பசியும் என்பதைக் கண்டனர். 1935 டிசம்பரிலே அவர்கள் சமசமாஜக் கட்சியைத் தொடங்கினர். ஊர்மக்களால் 'பருப்பு மாத்தயா' என்று அன்போடு அழைக்கப்பட்டவர் என்று சொல்லப்படும் என். எம். பெரேரா, 1936இலே ருவான்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். ஒரு பிடி பருப்பு அரசியலாக மாறியது இந்த மண்ணிலேதான். அதே கட்சி 1948இல் எங்கள் குடியுரிமைக்காக வாதாடிற்று. ஆனால் 1964 அக்டோபரில் எங்களிலே 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, அந்த அரசாங்கத்திலே நிதியமைச்சராக இருந்தவரும் அவரே. இதனைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. நல்லெண்ணம் ஒருமுறை பிறந்துவிட்டால் என்றைக்கும் நேர்வழியிலே செல்லும் என்று நம்பி இருந்துவிடக்கூடாது. உதவி பெறும் மக்களின் குரல் அதன் கடிவாளத்தைப் பிடித்திருக்கவேண்டும் என்பதற்காகவே சொல்கின்றேன்.

டிசம்பர் மாதத்து ஒரு ஞாயிறு, பிரட்டுக்களத்திலே தாய்மாரைக் கூட்டினோம். நான் செய்த தவற்றை எழுந்து நின்று சொன்னேன். கணக்குப் புத்தகத்தை எல்லாருக்கும் படித்துக்காட்டினேன். அந்நாள்வரை அவர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. பணம் அனுப்பியவருக்கு மட்டுமே காட்டிவந்தேன்! படங்கள் அனுப்பமாட்டோம், கணக்கு அனுப்புவோம் என்று சங்கத்திற்கு எழுத முடிவாயிற்று. எழுதினோம். படமின்றிப் பணம் திரட்ட இயலாதென்று அவர்கள் மரியாதையோடு மறுமொழி எழுதி விலகிக்கொண்டனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கிழிசல் மட்டுமே தெரிகின்றது. மஞ்சள் கவுன் தெரிவதில்லை.

இனிக் கஞ்சிக்கு வழி என்ன? அந்தக் கூட்டத்திலே விடை சொன்னவள் பிள்ளை பார்க்கும் மூதாட்டி. "எங்க காலத்துல கோயிலுக்குப் பிடியரிசி எடுப்போம் தாயி. சாமிக்கு எடுத்தத புள்ளைங்களுக்கு எடுத்தா சாமி கோவிக்கவா போகுது?" என்றாள். அப்படியே ஆயிற்று. சமைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி. ஒரு பிடி ஏறத்தாழ 40 கிராம். 18 வீடுகள் இட்டால் ஒருநாள் கஞ்சிக்கு வேண்டிய அரிசி சேர்ந்துவிடும். மஞ்சள் கவுன் சிறுமியின் தாய் ஒரு விதியைச் சேர்த்தாள்: பிள்ளைக் காம்பராவின் வாசலிலே துணியால் வாய்மூடிய பானை ஒன்று இருக்கும்; கையைத் துணிக்குள்ளே விட்டு இடவேண்டும்; யார் இட்டார், யார் வெறுங்கையை விட்டார் என்று எவரும் பார்க்கக்கூடாது; எழுதவும் கூடாது. மழைக்காலத்திலே வெறுங்கைகள் பல அந்தத் துணிக்குள் சென்று மீண்டிருக்கும். பானை ஒருநாளும் முற்றாக வெறுமையாயிருந்ததில்லை. குறைந்ததை ஆசிரியர்கள் பணத்தாலும் கனடாத் தோழியின் உதவியாலும் நிறைவுசெய்தோம். பயறு மட்டும் வாரத்தில் இரண்டு நாளாகச் சுருங்கிற்று.

தோட்டத்தின் கீழே ஒரு சிங்களக் கிராமம். அங்கிருந்து ஒரு பெண், தன் இரு பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு வந்தாள். வரும்போது தலையிலே ஒரு பலாப்பழமும் கையிலே இரண்டு தேங்காயும் கொண்டுவந்தாள். 1981 ஆகஸ்டிலே, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலே லயங்கள் தீக்கிரையானபோது குழந்தையோடு இறப்பர்க் காட்டுக்குள் ஒளிந்திருந்தவள் எங்கள் மூதாட்டி. அதன் பின்னரே இத்தோட்டத்திற்கு வந்து சேர்ந்தாள். அவள் அந்தப் பெண்ணைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு தேங்காயை வாங்கித் துருவத் தொடங்கினாள். இப்போது எங்கள் பிள்ளைகள் இரு மொழியிலும் பாடுகின்றனர். பெரிய ஒற்றுமைகளைப் பற்றி நான் பேசத் துணியவில்லை. கஞ்சி ஒன்றே என்பது மட்டும் உண்மை.

இதையெல்லாம் கேட்ட ஆசிரிய நண்பர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். "ஏழையின் சுமையை ஏழையின் தலையிலேயே ஏற்றிவிட்டீர்கள். கம்பனிக்கும் அரசாங்கத்திற்கும் இதைவிட மகிழ்ச்சியான செய்தி உண்டா? பிடியரிசியாலே பிள்ளைக் காம்பரா நடக்குமாயின் அவர்கள் எதற்கு?" என்றார். கென்யாவை எடுத்துக்காட்டினார். 1963இல் விடுதலை பெற்ற அந்நாட்டிலே, 'ஹராம்பே' என்ற முழக்கத்தோடு, அதாவது எல்லாரும் சேர்ந்து இழுப்போம் என்று, ஊர்மக்களே பணமும் உழைப்பும் திரட்டி நூற்றுக்கணக்கான பள்ளிகளைக் கட்டினார்கள். வியக்கத்தக்க முயற்சிதான். ஆனால் வசதியுள்ள ஊர்கள் முந்தின; வறிய ஊர்கள் பிந்தின. நான் தான்சானியாவை எடுத்துக்காட்டினேன். பள்ளி ஆசிரியராயிருந்து நாட்டின் தலைவரானவர் ஜூலியஸ் நைரேரே. 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர் என்றே மக்கள் அவரை அழைத்தனர். 1967 பெப்ரவரியில் வெளியான அருஷாப் பிரகடனத்திலே, பிறர் தரும் பணத்தை நம்பி ஒரு நாடு எழமுடியாது என்று சொல்லப்பட்டது. நண்பரோடு நான் வாதிட்டேனாயினும், அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதை என் மனம் அறியும். பசித்த பிள்ளை சட்டம் வரும்வரை காத்திராது. அவளுக்கு இன்றைக்கே கஞ்சி வேண்டும். ஆனால் இன்றைய கஞ்சி நாளைய உரிமையை மறக்கச்செய்யுமாயின், அந்தக் கஞ்சியும் ஒருவகைக் கடனே.

ஆகவே நாங்கள் வேறொரு கணக்கும் எழுதத் தொடங்கினோம். மாதந்தோறும் ஒவ்வொரு பிள்ளையின் நிறையும் உயரமும். மழையால் வேலை இழந்த நாட்கள். கூரை ஒழுகிய நாட்கள். 2023ஆம் ஆண்டிலே இந்தக் கணக்கை இணைத்து, மூன்று கோரிக்கைகளோடு ஒரு மனு எழுதினோம்: காம்பராவின் கூரை, சம்பளம் பெறும் முன்பள்ளி ஆசிரியை, மழைநாளிலும் பிள்ளைகளுக்கு உணவு. தோட்ட நிருவாகத்திற்கும் மாகாண அலுவலகத்திற்கும் அனுப்பினோம். 25 தாய்மார் கையொப்பமிட்டனர். அவர்களுள் 6 பேர் அதுவரை பெருவிரல் ரேகை வைத்தவர்கள். மனுவிலே கையெழுத்தே இடவேண்டும் என்று பிடிவாதமாக இரண்டு வாரம் பிள்ளைகளின் சிலேற்றிலே எழுதிப் பழகினார்கள். சிலேற்றைத் திருப்பித் தர மறுத்து ஒருத்தி தன் பெயரை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்ததை நான் மறக்கமாட்டேன்.

விளைவு என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். கூரைக்குப் புதிய தகரம் வந்தது. ஆசிரியைப் பதவி இன்னும் வரவில்லை. இரண்டு முறை 'கவனத்திற் கொள்ளப்படும்' என்று பதில் வந்தது. மூன்றாம் மனுவை அனுப்பியிருக்கின்றோம். மழைநாள் உணவைப் பற்றி எவரும் வாய்திறக்கவில்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. மழை பெய்தால் அதுவும் இல்லை. பிடியரிசிப் பானை இன்றும் வாசலிலேயே இருக்கின்றது.

மஞ்சள் கவுன் சிறுமி 2023 மார்ச்சிலே புதிய கல்வியாண்டு தொடங்கியபோது முதலாம் வகுப்பிற்குச் சென்றாள். சேர்க்கும் நாளிலே தாயோடு நானும் சென்றேன். விண்ணப்பத்திலே தாயின் கையொப்பத்திற்குரிய இடத்தில் அவள் தன் பெயரை மெதுவாக எழுதினாள். எழுதி முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தாள்.

அவள் தம்பி இப்போது பிள்ளைக் காம்பராவிலே கஞ்சி குடிக்கின்றான். அக்காள் பாடசாலைக்குப் போகுமுன் வந்து அவனை விட்டுச் செல்கிறாள். விட்டுவிட்டுத் தானும் ஒரு கோப்பைக் கஞ்சி குடிக்கின்றாள். "சாப்பிட்டாயா?" என்று இப்போது நான் கேட்பதில்லை. கண்ணால் காண்கின்றேன்.

ஆபுத்திரன் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டபோது துயருற்றான். எங்கள் பானைக்கும் வேலையில்லாத ஒருநாள் வரவேண்டும். வந்தால் அந்தப் பானையை சீதாவக்க கங்கையிலே கழுவிக் கவிழ்த்துவைப்போம், அழமாட்டோம். அந்த நாளைக் கொண்டுவருவது தருமவான்களின் கையில் இல்லை. பெயரெழுதப் பழகிய அந்தக் கைகளிலும், அவற்றோடு சேர்ந்து எழுதக் கடமைப்பட்ட நம் போன்ற ஆசிரியர்களின் கைகளிலுமே இருக்கின்றது. அதுவரை, நாளைக் காலையும் ஏழு மணிக்குக் கஞ்சி கொதிக்கவேண்டும்.